சந்தியில் யார் நிற்பார்?

போன மாதம் எங்கள் வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய நெருப்பு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது இதுதான்: மனைவி நிலாவெளியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அடுப்பில் கடலையை அவிய வைத்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தோடு கதிரையில் சாய்ந்தேன். நூலாசிரியர் வாழ்வின் நிலையாமையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த கட்டத்தில், என் குசினியின் யன்னல் சீலை அவரோடு ஒத்துப்போய்விட்டது.

கடலை கருகும் மணத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். முதலில் திருவிழாக் கடை மணம். ஆசையாக மூச்சை இழுப்போம். ஏதோ பிழை என்று மூளைக்குப் படுவதற்குள் மூக்கு இரண்டு பக்கம் கூடுதலாக வாசிக்க விட்டிருக்கும்.

தீயணைப்பு நிலையத்துத் தொலைபேசியில் ஒரு பெண்பிள்ளையின் குரல். கோயில் மணி மாதிரி நிதானம்.

"ஐயா, என்ன எரியுது?"

"கடலை."

மறுமுனையில் அந்தப் பிள்ளை சிரிப்பை விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"கடலை முடிஞ்சுது பிள்ளை. இப்ப யன்னல் சீலை. அலுமாரிக் கதவும் பிடிக்கப் பாக்குது."

"உள்ளுக்கு ஆரும் நிக்கினமோ?"

"நான்தான்."

"அப்ப நீங்கள் உடன வெளியில போங்கோ ஐயா. உங்கட இடம் எனக்குத் திரையில தெரியுது. வண்டி வெளிக்கிட்டுட்டுது."

பேச்சு முடிந்துவிட்டது. நான் போனைக் காதில் வைத்தபடி முற்றத்தில் நின்றேன். இன்னொரு கேள்வி வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் என் கால்கள் அந்தக் கேள்வி வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டன. கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் தலையணை உறையை இழுத்தெடுத்துக்கொண்டு சந்திக்கு ஓடினேன். வண்டி தெரிந்ததும் உறையைத் தலைக்கு மேல் சுழற்றினேன். ஓட்டுநர் மரியாதையாக ஒரு கையை உயர்த்தி எனக்கு வணக்கம் வைத்துவிட்டு, என்னைக் கடந்து, சரியான ஒழுங்கையில் திரும்பி, சரியான வீட்டு வாசலில் போய் நின்றார். நான் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்து சேர்ந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. வாசலில் நின்ற இளைஞர் என்னைத் தடுத்தார்.

"தள்ளி நில்லுங்கோ ஐயா, இது வேடிக்கை இல்லை. இந்த வீட்டுக்காரரை எங்கயும் கண்டனீங்களோ?"

தலையணை உறையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் வாலிபத்தில் இதே ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசி அறையில் வேலை பார்த்தவன். இப்போது அங்கே கண்ணாடிக் கதவு, திரைகள், காதில் மாட்டும் கருவி எல்லாம் இருக்கிறதாம். அன்றைக்கு அது வண்டிக் கொட்டகையோடு ஒட்டிய ஒரு சின்ன அறை. டீசலும், காயாத கன்வஸ் குழாயும், பால் விடாத பிளேன்டியும் சேர்ந்த ஒரு மணம். யன்னலுக்கு வெளியே துறைமுகம். அவ்வளவு தண்ணீரையும் பார்த்துக்கொண்டு, ஒரேயொரு வண்டித் தாங்கித் தண்ணீரை நம்பி நாங்கள் ஊரைக் காத்துக்கொண்டிருந்தோம். மேசையில் கறுப்புத் தொலைபேசி இரண்டு: ஒன்று ஊர் எங்களை அழைக்க, மற்றது நாங்கள் ஊரை அழைக்க. சுவரில் மணிப் பொத்தான். அதற்கு மேலே வரைபடம் மாட்டுவதற்காக அடித்த ஓர் ஆணி. வரைபடம் இல்லை. சண்டைக் காலம். ஒழுங்கைகளையெல்லாம் விபரமாகக் காட்டும் ஒரு கடதாசியைத் தொங்கவிட்டு, அது ஏன் அங்கே தொங்குகிறது என்று சோதனை போட வருகிற யாருக்காவது விளக்கம் சொல்ல எங்கள் நிலையப் பெரியவருக்கு விருப்பமில்லை. ஆணியில் ஜெசிந்தா அக்காவின் குடை தொங்கியது.

ஜெசிந்தா அக்காதான் அந்த அறை. நான் அவவுக்குத் துணை. சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து காலையில் பஸ்ஸில் வருவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்ட மாதிரியே கஞ்சி போட்ட சேலை. அவருடைய கணவர் அன்ரன் அண்ணை கடல் தொழில் செய்தவர். ஒரு கால் மிதிவெடியில் போனபிறகு வீட்டு முன்னறையில் மேசை போட்டு ரேடியோ, மின்விசிறி திருத்திக்கொண்டிருந்தார். சம்பள நாளில் அக்காவைக் கூட்டிப்போக ஊன்றுகோலோடு பஸ்ஸேறி வந்து எங்கள் வாசலில் நிற்பார்.

"தம்பி, என்ட மனிசி ஊர் உலகத்துக்கெல்லாம் 'அலோ, சொல்லுங்கோ' எண்டு தேனாக் கதைக்கிறா. வீட்டில எனக்கு 'என்ன?' மட்டும்தான்."

"நீங்கள் நெருப்பு வைச்சுப்போட்டுப் போன் எடுத்துப் பாருங்கோ, உங்களோடயும் கதைக்கிறன்" என்பார் அக்கா, குடையை எடுத்துக்கொண்டு.

சண்டையில் இரண்டு முறை வீட்டை இழந்தவர்கள். மூன்றாவது வீடு அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் முன்னேற்றம் எனக்கு மனப்பாடம். காலையில் குடை ஆணிக்குப் போகும்போதே செய்தி வரும்: முன்னறைக்கு யன்னல் வைச்சாச்சு, குசினிக்குத் தகரம் போட்டாச்சு, மிச்சத்துக்கு இப்போதைக்குத் தென்னோலைக் கிடுகு, அடுத்த மாரி மழைக்கு முன்னம் ஓடு. "இது மூண்டாவது. இதை விடமாட்டன்" என்று அக்கா சொல்லும்போது குரலில் சோகம் இருக்காது. கடைக்காரனிடம் பழுதான தேங்காயைத் திருப்பிக் கொடுக்கும் உறுதிதான் இருக்கும்.

வேலை முறையைச் சொல்கிறேன். அழைப்பு வந்தால் நாலு கேள்வி. எங்கே? பதில் வந்தவுடன் மணிப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். மிச்சக் கேள்விகள் கேட்கும்போதே பின்னால் வண்டி இரைய ஆரம்பித்துவிடும். என்ன எரியுது? உள்ளுக்கு ஆரும் நிக்கினமா? இந்த மூன்றும் உலகத்தில் எந்த நிலையத்திலும் கேட்கும் கேள்விகள். நாலாவது எங்கள் ஊருக்கானது.

"சந்தியில ஆர் நிப்பினம்?"

ஒழுங்கைகளுக்குப் பெயர் கிடையாது. வண்டியில் இருந்த வயர்லெஸ் உப்புவெளி தாண்டினால் இரையத் தொடங்கி, பிறகு ஊமையாகிவிடும். ஆகவே நெருப்புப் பிடித்த வீட்டார், தெருவும் ஒழுங்கையும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஆளை வெள்ளைத் துணியோடு நிறுத்த வேண்டும். அந்த ஆள்தான் எங்கள் வரைபடம்.

வரைபடங்களுக்கு இல்லாத ஒரு குணம் இந்த ஆளுக்கு உண்டு. அவருக்கும் நெருப்பைப் பார்க்க ஆசை வரும். எங்கள் சனம் உதவிக்குப் பின்நிற்காது, அதுதான் பிரச்சினை. முழு ஊரும் வாளியோடு ஓடும்போது தான் மட்டும் சந்தியில் கொடிக்கம்பம் மாதிரி நிற்பது எந்த மானமுள்ள மனிதனுக்கும் கஷ்டம். கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று ஓடிவிடுவார். வண்டி நேரே போய்க்கொண்டிருக்கும். நிலாவெளிப் பக்கம் ஒருவர் இன்னும் விசேஷம். கடற்கரையில் ஒரு மீன் வாடியில் நெருப்பு. அவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றிப் பலமாக ஆட்டியிருக்கிறார். முதலில் வந்தது பஸ். பஸ் நின்றது. அவர் ஏறிவிட்டார். எங்கள் ஓட்டுநர் மஜீத் நானா, கிண்ணியாக்காரர், பிறகொரு நாள் அவரைச் சந்தையில் பிடித்துக் கேட்டாராம்: "ஏன் மகன் ஏறின?" அதற்கு அவர், "மறிச்சுப்போட்டு ஏறாமல் விட்டா அந்த பஸ்கார மனிசன் என்ன நினைப்பார் நானா?" என்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா அக்கா நாலாவது கேள்வியை ஒரு சிறு விசாரணையாக வளர்த்துவிட்டார். ஆளின் பெயர் என்ன? என்ன துணி பிடிப்பார்? "அவரிட்டச் சொல்லுங்கோ, நெருப்பைப் பாக்கப் போகக் கூடாது. பஸ்ஸில ஏறக் கூடாது. விளங்குதோ?" பெயர் சொல்லி நிறுத்தப்பட்டவர் அவ்வளவு இலகுவில் நகரமாட்டார் என்பது அவருடைய சித்தாந்தம். நான் மனித இயல்பு பற்றி எத்தனையோ பேர் எழுதியதை வாசித்திருந்தேன். "அக்கா, கூட்டத்தில் மனிதன் தன் தனித்தன்மையை..." என்று ஒருநாள் தொடங்கினேன். "தம்பி, முதல்ல சோதனைச் சாவடிக்குப் போன் எடுங்கோ" என்றார்.

அது என் வேலை. வண்டி வருகிறது, தடையைத் தூக்கி வையுங்கள் என்று பாதையிலுள்ள சாவடிகளுக்கு முன்கூட்டியே சிங்களத்தில் சொல்ல வேண்டும். நான் சிங்களத்தை இலக்கணப் புத்தகத்தில் கற்றவன். மஜீத் நானா சிங்களத்தைக் கந்தளாய்ச் சந்தையில் கற்றவர். அவர் இரண்டு சொல்லில் முடிப்பதை நான் எழுவாய், பயனிலையோடு, மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்குவேன். மறுமுனையில் இருப்பவர் ஏதோ மரணச் செய்தி வரப்போகிறது என்று மௌனமாகிவிடுவார்.

கச்சான் காற்று வீசும் நாட்கள் வந்தன. வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது வெறும் வெப்பக் காற்று. எங்கள் அறைக்கு அது தொழில் பருவம். உதடு வெடிக்கும், கிடுகு வேலியெல்லாம் அப்பளமாக நொறுங்கும். யாரோ முற்றத்தில் கூட்டிக் கொளுத்திய குப்பையில் ஒரு சருகு எழும்பினால் போதும்.

மத்தியானம். அக்கா சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்திருந்தார். தொலைபேசி அடித்தது.

"அலோ, சொல்லுங்கோ. எங்கே?"

அழைத்தவர் இளைப்பாறிய ஒரு டீச்சர். வகுப்புகளை அடக்கிப் பழகிய அந்தக் குரல் ரிசீவரைத் தாண்டி என் மேசை வரை வந்தது. இடத்தைச் சொன்னார். அக்கா மணியை அழுத்தினார். அழுத்திய விரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் பொத்தானிலேயே நின்றதை மட்டும் கண்டேன்.

"என்ன எரியுது டீச்சர்?"

"வேலி! வேலியால வேலிக்குப் போகுது பிள்ளை. மூண்டு வீட்டு வளவு எரிஞ்சு போட்டுது."

"உள்ளுக்கு ஆரும் நிக்கினமோ?"

"பிள்ளையளை எல்லாம் வெளியில எடுத்தாச்சு."

"சந்தியில ஆர் நிப்பினம்?"

"ஆரைப் பிள்ளை அனுப்புறது? ஆம்பிளையள் கடல்ல. நிக்கிற பொம்பிளையள் எல்லாம் கிணத்தடியில வாளியோட."

அக்கா யோசிக்கவில்லை. "என்ட மனிசனை அனுப்புங்கோ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது அவருடைய ஒழுங்கை.

"அன்ரனையோ? பிள்ளை, காத்து உங்கட வீட்டுப் பக்கம்தான் அடிக்குது. அவர் மேசையை வெளியில இழுத்துக்கொண்டு நிக்கிறார்..."

"மேசையை விடச் சொல்லுங்கோ. வேலிக்கு மேலால கூப்பிட்டு நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. வெள்ளைச் சேட்டைப் பிடிச்சுக்கொண்டு சந்தியில நிக்கட்டாம்." பிறகு அதே மூச்சில், "நெருப்பைப் பாக்க வரக் கூடாதாம்."

மேசை என்றால் ரேடியோக்கள், சாமான், ஊரார் திருத்தக் கொடுத்துவிட்டுப் போன விசிறிகள். அந்த வீட்டின் சோறு. நான் சாவடிக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கு என் வாயிலிருந்து எழுவாயும் இல்லாமல் பயனிலையும் இல்லாமல் நாலு சிங்களச் சொற்கள் வந்தன. மறுமுனை உடனே புரிந்துகொண்டது. அடுத்தது மின்சாரக்காரர், அந்தப் பக்க இணைப்பைத் துண்டிக்க. நான் திரும்பியபோது அக்கா ரிசீவரைக் காதில் வைத்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். டீச்சரை லைனில் வைத்திருந்தார்.

வயர்லெஸ்ஸில் மஜீத் நானாவின் குரல் கேட்டது. "உப்புவெளி தாண்டுறோம்..." பிறகு இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை.

"டீச்சர், உங்கட யன்னலால சந்தி தெரியுதோ?"

"தெரியுது."

"அவர் நிக்கிறாரோ?"

"நிக்கிறார். பிள்ளை, உங்கட குசினிப் பக்கம் வேலி பிடிச்சிட்டுது."

"ஓம். சந்தியைப் பாருங்கோ டீச்சர்."

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அக்காவின் அவித்த முட்டை வாழை இலையில் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை.

"நிக்கிறாரோ?"

"நிக்கிறார். கூரை... பிள்ளை, உங்கட கூரை..."

"டீச்சர்." அக்காவின் குரல் உயரவில்லை. "அவர் நிக்கிறாரோ?"

இந்த முறை டீச்சரின் குரல் என் மேசை வரை வரவில்லை. அக்கா எனக்குச் சொன்னார், எனக்கா சுவருக்கா என்று தெரியாமல்: "நிக்கிறாராம். திரும்பிப் பாக்கேல்லையாம்."

அதற்குப் பிறகு லைனில் சைரன் சத்தம் கேட்டது. அக்கா ரிசீவரை வைத்தார்.

"அக்கா, நீங்கள் போங்கோ. நான் பாக்கிறன்" என்றேன்.

"இண்டைக்குக் காத்து நிக்காது தம்பி. அடுத்த நெருப்பு வந்தா நீங்கள் தனிய நிண்டு ஆருக்கும் சிங்களத்தில கடிதம் எழுதுவீங்கள்." மாற்று ஆள் வரும்வரை இருந்தார். இடையில் ஒருவர் எடுத்து கிண்ணியாவுக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். இது பயர் பிரிகேட் என்றும், படகு எத்தனை மணிக்கு என்றும் சொன்னார் அக்கா. அதற்குப் பிறகுதான் குடையை எடுத்தார்.

மிச்சத்தை மஜீத் நானா புகையில் கறுத்த முகத்தோடு வந்து கதிரையில் விழுந்து சொன்னார். "ஒத்தக் கால்ல நிக்கிறார் அந்த மனிசன். லைட் போஸ்டை ஒரு கையால கட்டிப் பிடிச்சிருக்கிறார். ஊண்டுகோல்ல சேட்டைக் கட்டி மற்றக் கையால தூக்கிப் பிடிச்சிருக்கிறார். பின்னால புகை மலை மாதிரி. முன்னால பஸ்ஸொண்டு நிக்குது."

பஸ்தான். ஊன்றுகோலைக் கண்டு இரக்கப்பட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நடத்துநர் இறங்கியே வந்துவிட்டாராம். "ஏறுங்கோ அண்ணை, முன் சீற் தாறன்." அன்ரன் அண்ணை பார்வையைத் தெருவிலிருந்து எடுக்காமல், "சீற்றை நீயே வைச்சுக்கொள் தம்பி. பஸ்ஸைத் தள்ளி விடு, பின்னால வாறவன் கண்ணுக்கு நான் தெரியமாட்டன்" என்றிருக்கிறார்.

அக்காவின் வளவோடு நெருப்பை மறித்துவிட்டார்கள். டீச்சர் வீடு தப்பியது. அதற்கு அப்பால் ஒழுங்கை முழுவதும் தப்பியது. அக்காவின் வீட்டில் கூரை போனது, மேசை போனது. அடுத்த நாள் நானும் மஜீத் நானாவும் போனோம். ஆறுதலாகச் சொல்வதற்கு நான் வழியெல்லாம் ஒரு வசனம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், நல்ல வசனம். அன்ரன் அண்ணை கரி படிந்த சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுவர் நிக்குது தம்பி. முந்தின ரெண்டு தரமும் அதுவும் நிக்கேல்ல."

என் வசனத்தை நான் விழுங்கிக்கொண்டேன். அக்கா உள்ளே கரிந்த கிடுகைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஏன் அவரை அனுப்பினீர்கள் என்று கேட்டேன். கால் ஏலாத மனிதர், வீட்டுக்குள் அகப்படாமல் வெளியில் இருக்கட்டும் என்றா?

"அதுவும்தான்" என்றார். துடைப்பத்தை நிறுத்தவில்லை. "ஆனா நீங்கள் நினைக்கிற மாதிரி ஓட ஏலாத ஆள் எண்டு இல்லைத் தம்பி. அவர் நில் எண்டா நிப்பார். அந்த ஒழுங்கையில அப்பிடி எனக்குத் தெரிஞ்ச ஆள் அவர் மட்டும்தான்."

மாரிக்கு முன்னம் ஓடு போட்டார்கள். பழைய மரப்பலகையில் புது மேசையும் அடித்தார்கள். நான் அந்த வேலையை விட்டுப் புத்தகம் விற்கப் போனேன். அதில் எதுவும் அவசரமாக எரியவில்லை, எதுவும் அவசரமாக விற்கவும் இல்லை.

பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. போன மாதம் அந்தப் பிள்ளை என்னைத் திரையில் ஒரு புள்ளியாகக் கண்டது எவ்வளவு நல்லது! அன்றைக்கு அப்படி ஒரு புள்ளி இருந்திருந்தால் அன்ரன் அண்ணை தன் மேசையை வாசல் தாண்டி இழுத்திருப்பார். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தத் திரைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

அன்ரன் அண்ணை இப்போது இல்லை. அக்கா வவுனியாவில் மகளோடு இருக்கிறார். குசினிக்குப் புது யன்னல் சீலை போட்ட அன்று அவருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். கடலையைச் சொன்னபோதுகூட அக்கா சிரிக்கவில்லை. நேரே கேட்டார்.

"சந்தியில ஆரை நிப்பாட்டினீங்கள்?"

"நான்தான் அக்கா நிண்டனான். தலையணை உறையோட."

"வண்டி?"

"என்னைக் கடந்து போட்டுது."

அக்கா விசாரணையைத் தொடர்ந்தார்.

"நீங்கள் வீட்டைத் திரும்பிப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். ரெண்டு மூண்டு தரம்."

"அப்ப உங்களை நான் நிப்பாட்டியிருக்கமாட்டன்" என்றார். அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

அந்த ஒழுங்கையில் கிடுகு வேலி இப்போது இல்லை, மதில்கள். பலகையில் ஒழுங்கைக்குப் பெயர்கூட எழுதியிருக்கிறது. நிலாவெளி பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது சந்தியில் அந்த லைட் கம்பத்தைப் பார்ப்பேன், அது வேறு கம்பம் என்று தெரிந்தும். வீட்டில் இருக்கும்போது தூரத்தில் சைரன் கேட்டால் புத்தகத்தை வைத்துவிட்டு எழும்பி வாசல் படலைக்கு வந்து எங்கள் சந்தியைப் பார்க்கிறேன். யாரும் நிற்பதில்லை. வண்டி போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது.